கறுவலின் கழுத்து

கல்முனை
18.01.1982

அன்பு மகன் அபூசாலிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மாவும் தங்கச்சி சுபைறாவும் நின்றும் நடந்தும் சுகமாயிருக்கிறோம். 'இருந்தும்' என்று நான் எழுதவில்லை. காரணம் இருக்கிறது.

உன் நாய் கறுவல் என்னைக் கடித்துவிட்டது. எந்த இடத்தில் என்று கேட்காதே. இருபத்தெட்டு வருசமாக மெஷினுக்கு முன்னால் குந்தியிருந்து பிழைக்கிற தையற்காரனுக்கு எந்த இடம் முக்கியமோ அந்த இடத்தில்.

போன செவ்வாய்க்கிழமை சவளக்கடை வயலுக்குப் போனேன். வாடிக் குடிசை வாசலில் குனிந்து அதன் சட்டியில் சோற்றைக் கொட்டினேன். சோற்றை விட்டுவிட்டுப் பின்னால் வந்தது. நான் போட்ட சத்தத்துக்கு அடுத்த வட்டை வயல்களில் இருந்தவர்கள் யானை என்று நினைத்து வெடி கொளுத்திவிட்டார்கள்.

ஆசுபத்திரியில் நேர்ஸ் மிஸ்ஸி, "ஐயா, திரும்பிப் படுங்க" என்றுவிட்டு அந்தப் பக்கம் போய்ச் சிரித்தாள். "எத்தினை தையல் டொக்டர்?" என்று கேட்டேன். "நாய்க்கடிக்குத் தைக்கிறல்ல" என்றார். ஊருக்கெல்லாம் தைக்கிற எனக்கு ஒரு தையலும் கிடைக்கவில்லை. கிழிந்த சாரனை மட்டும் நானே தைத்துக்கொண்டேன்.

நாயின் வாய் பட்டதென்றால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால். கிணற்றடியில் மறைப்புக் கட்டி நான் உள்ளே, உன் உம்மா வெளியே. அவள்தான் எண்ணினாள்.

"அஞ்சு. ஆறு. மண்ணப் போட்டீங்களா?"

"முதல் தரமே போட்டுட்டன் ஹாஜறா."

"புண்ணிலயா போட்டீங்க? அல்லாஹ்வே, சுத்தி வரப் போடச் சொல்லித்தானே டொக்டர் சொன்ன!"

சுபைறா குசினிக்குள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அந்த வெள்ளி ஜும்ஆவுக்குப் போய் தொழுகையின் இருப்பில் நான் மட்டும் ஒருபக்கமாய்ச் சாய்ந்திருந்தேன். பள்ளி முழுக்கத் தெரிந்துவிட்டது.

நாயைப் பத்து நாளைக்குப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டொக்டர். அது செத்தால் விசர் நாய், எனக்கு வயிற்றைச் சுற்றி ஊசி. செத்துப்போகாமல் இருக்க துஆச் செய்.

உடம்பைப் பார்த்துக்கொள். வஸ்ஸலாம்.

இப்படிக்கு, ஒருபக்கமாய்ச் சாய்ந்திருந்து எழுதும்
வாப்பா கச்சிமுகம்மது

*

தம்மாம்
07.02.1982

மதிப்புக்குரிய வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். இங்கே சவூதியில் இப்போது குளிர், உம்மா தந்த போர்வைதான் துணை. உங்கள் கடிதத்தை அறையில் சத்தமாக வாசித்தேன். மருதமுனைக்காரர் ஒருவர் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார். குறை நினைக்காதீர்கள்.

ஆனால் வாப்பா, பிறகு யோசித்துப் பார்த்தேன். கறுவல் அப்படிப்பட்ட நாய் இல்லை. சட்டியில் நான் கைவிட்டுக் கிளறினாலும் பேசாமல் நிற்கும். பன்றியைக் கலைத்த நாளில்கூட எங்கள் ஆட்களைப் பார்த்துப் பல்லைக் காட்டவில்லை. என்னவோ நடந்திருக்கிறது. யாராவது அடித்தார்களா? சாப்பிடுகிறதா? பக்கத்து வயல் கதிர்காமத்தம்பி அண்ணனிடம் காட்டினீர்களா?

பத்து நாள் முடிந்திருக்கும். ஒரு வரி எழுதுங்கள். உம்மாவுக்கும் சுபைறாவுக்கும் என் ஸலாம். கவலையோடு முடிக்கிறேன்.

உங்கள் மகன்
அபூசாலி

*

கல்முனை
28.02.1982

அன்பு மகனுக்கு வாப்பாவின் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். நான் இப்போது இரண்டு பக்கத்தாலும் இருக்கிறேன், அல்ஹம்துலில்லாஹ்.

பத்து நாளும் கடையைப் பூட்டிவிட்டுச் சவளக்கடைக்கு பஸ் ஏறினேன். பெண் பார்க்கப் போகிறவன் மாதிரித் தூர நின்று பார்ப்பேன். கறுவல் மூச்சு விடுகிறதா? விடுகிறது. சரி, நானும் இருப்பேன் என்று திரும்பி வருவேன். பதினோராம் நாளும் உயிரோடு நின்றது. ஆகவே விசர் இல்லை. எனக்கு ஊசியும் இல்லை.

விசர் இல்லையென்றால் வேறு என்ன என்றுதான் விளங்கவில்லை. வாடியைவிட்டு வாய்க்கால் கட்டில் போய்த் தனியே கிடக்கிறது. தலையை ஒருபக்கம் சரித்துக்கொண்டு நடக்கிறது. சோறு வைத்தால் நான் தூரப் போகும்வரை வருவதில்லை. வந்தாலும் பாதியை விட்டுவிடுகிறது. நன்றாய் வளர்ந்துவிட்டது மகன், நீ விட்டுவிட்டுப் போன குட்டியில்லை. மயிர் அடர்ந்து கரடி மாதிரி.

கதிர்காமத்தம்பி அண்ணன் ஊரில் இல்லை. கண் ஒப்பரேசனுக்கு என்று கார்த்திகை மாதமே திருகோணமலையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் இருந்தால் மடியில் போட்டு உண்ணி பிடுங்குவார். நமது ஆட்களில் ஒருவரும் கை வைப்பதில்லையே. நானும் நீட்டின தடியால் சட்டியைத் தள்ளிவிடுகிறவன்தான்.

போன கிழமை கட்டிப்போடலாம் என்று ஒரு வீரம் வந்தது. தடியின் நுனியில் கயிற்றைச் சுருக்குப் போட்டு மெல்லக் கழுத்தில் விழுத்தினேன். கயிறு பட்டதுதான், அது கத்தின கத்தை நான் ஒரு நாயிடமும் கேட்டதில்லை. நான் பரணில் ஏறிவிட்டேன். மத்தியானம் லுஹருக்கு ஏறினவன் பின்னேரம் அஸருக்குத்தான் இறங்கினேன். அந்த வழியாகப் போன, வயல்களுக்குப் பொறுப்பான வட்டவிதானை சின்னப்போடி கேட்டார்:

"என்ன கச்சிமுகம்மது காக்கா, பரணிலயா கடை திறந்திரிக்கிங்க?"

"ஓம், காத்து நல்லா வருது."

"இறங்குங்க, இறங்குங்க. நீங்க தைக்கப் போங்க. வேளாண்மைய நாய் பாக்கட்டும்."

கதிர் முற்றிவிட்டது. வெட்டுக்கு ஆள் பேச வேண்டும். அதற்குள் அது திருந்திவிடும் என்று நினைக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. உம்மா அதைத்தான் எழுதச் சொன்னாள், மூன்று தரம் சொன்னாள்.

வாப்பா

*

தம்மாம்
14.03.1982

வாப்பாவுக்கு ஸலாம். உங்கள் எல்லோரது சுகத்தையும் நாடுகிறேன். நானும் இருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், மறுக்காதீர்கள். அதை அடிக்கவோ வேறு ஆட்களுக்குக் கொடுக்கவோ வேண்டாம். வெட்டு முடியும்வரை வயலுக்கு ஆட்களை மறுபக்க வரம்பால் கொண்டுபோங்கள். கதிர்காமத்தம்பி அண்ணன் வந்தவுடன் அவரிடம் காட்டுங்கள். அவர் ஏதாவது கண்டுபிடிப்பார்.

உங்களுக்கு இது ஒரு நாய். வாடியில் நான் தனியே காவல் கிடந்த நாளெல்லாம் என்னோடு கிடந்தது அதுதான். இங்கே வந்து ஏழு மாதமாகிறது. வேலை, அறை, வேலை. ஊரில் என்ன நடந்தாலும் எனக்கு ஒரு மாதம் பிந்தித்தான் நடக்கிறது. அடுத்த வருசம் லீவில் வரும்வரை அதை உயிரோடு வைத்திருங்கள். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

எல்லோருக்கும் என் ஸலாம் சேரட்டும்.

அபூசாலி

*

கல்முனை
30.03.1982

அன்பு மகன் அபூசாலிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். உன்னுடைய கடிதம் நேற்று, திங்கட்கிழமை, பத்தரை மணிக்குக் கிடைத்தது.

சனிக்கிழமை கறுவலைச் சுட்டாகிவிட்டது.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். புதன்கிழமை வெட்டுத் தொடங்கியது. காரைதீவில் இருந்து பதினொரு பேர் வந்தார்கள். வெட்டிய கதிரை அள்ளிக்கொண்டு செல்லத்தங்கம் என்ற பிள்ளை வாய்க்கால் கட்டால் வந்தது. கதிர்ச் சுமையின் நுனி அங்கே கிடந்த கறுவலின் கழுத்தில் உரசியது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கடித்த கடியில் பிள்ளையின் முழங்கைக்குக் கீழே சதை தொங்கிவிட்டது. என் தலைப்பாகையைக் கிழித்துக் கட்டினேன். மெஷின் துணி பிடித்த கைதானே, கட்டு மட்டும் நன்றாக வந்தது.

நாயைக் கட்டி வைத்துப் பார்க்கச் சொன்னார் டொக்டர். ஆர் கட்டுவது? இப்போது அந்தப் பிள்ளைக்கு வயிற்றில் பதினாலு ஊசி. நேற்று ஐந்தாவது. தினமும் நான்தான் பஸ்ஸில் கூட்டிப் போகிறேன்.

வியாழனும் வெள்ளியும் ஒருவரும் வயலில் இறங்கவில்லை. சனிக்கிழமை காலையில் சின்னப்போடி துவக்கோடு வந்தார்.

"காக்கா, நீங்க ஓம் எண்டா நான் பாக்குறன். இல்லாட்டி கதிர் கொட்டுண்டு போகும்."

நான் ஓம் என்றேன்.

அது படுத்திருந்தது. தலையைத் தூக்கினால்தான் வசதி என்று என்னைக் கூப்பிடச் சொன்னார்கள். "கறுவல்" என்று கூப்பிட்டேன். தூக்கியது. ஒரு வெடிதான்.

குழியை நான் வெட்டினேன். அன்று காலையில்தான் கதிர்காமத்தம்பி அண்ணன் ஊருக்கு வந்திருந்தார். கறுப்புக் கண்ணாடியோடு வரம்பால் தட்டித் தட்டி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தூக்கினது அவர்தான். தூக்கி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு பேருமாக மண் போட்டோம்.

நேற்று வெட்டு முடிந்தது. விளைச்சல் நல்லது.

உன் கடிதம் மூன்று நாள் முந்தி வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதிலும் பொய் சொல்ல விருப்பமில்லை.

வஸ்ஸலாம்.
வாப்பா

*

தம்மாம்
19.04.1982

வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம்.

உங்கள் கடிதம் வந்தது. உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளைக்கு ஊசி முடிந்ததா என்று எழுதுங்கள்.

கறுவலின் கழுத்தில் ஒரு நீலக் கயிறு இருந்திருக்கும். தோணிக்காரரிடம் வாங்கிய நைலோன் கயிறு. தெருநாய்களைச் சுட்டுத் திரிந்த நேரம் அது. உடையவர் உள்ள நாய் என்று தெரியட்டும் என்று, புறப்பட்ட அன்று காலையில் வயலுக்கு ஓடிப்போய்க் கட்டிவிட்டு வந்தேன். புதைக்கும்போது அவிழ்த்திருந்தால் எடுத்து வையுங்கள். ஊரில் இருந்து வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

அவ்வளவுதான்.

அபூசாலி

*

கல்முனை
12.06.1982

அன்பு மகனுக்கு வாப்பாவின் ஸலாமும் துஆவும். உன் கடிதம் கிடைத்துக் கன நாளாகிறது. பதில் எழுதப் பிந்திவிட்டது. கடையில் வேலை அதிகம், நோன்பு வர இன்னும் பத்து நாள்தானே.

ஊர்ப் புதினம் கேள். பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினாருக்கு ஒரு நீளக்காற்சட்டை தைத்தேன். மருமகனின் கலியாண வீட்டுக்குப் போட ஆசைப்பட்டார். பொக்கற்றை இடுப்புப் பக்கம் வைக்காமல் இரண்டையும் முழங்காலுக்குக் கிட்ட வைத்துவிட்டேன். போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார், "கச்சிமுகம்மது, இதுக்குள்ள காசு போடுறண்டா ருகூஉக்குக் குனியணுமே?" என் கண் பழுதாகிவிட்டது என்று கதைக்கிறார்கள். கண் நல்லாத்தான் இருக்கிறது. யோசனைதான் வேறு எங்கேயோ போய்விடுகிறது.

சுபைறா சோதினை எழுதிவிட்டாள். கிணற்றடி மாமரம் இந்த முறை காய்க்கவில்லை. கடல் மீன் நிறையப் படுகிறது, உம்மா சூரை கருவாடு போட்டு வைத்திருக்கிறாள். கல்முனைச் சந்தைக்குப் புதுக் கூரை போடுகிறார்கள், அதற்குக் கீழே இருக்கிறவர்களுக்குத்தான் மழை.

செல்லத்தங்கத்துக்கு ஊசி எல்லாம் முடிந்தது. கை நன்றாக ஆறிவிட்டது. அவளுக்கு இரண்டு சட்டை தைத்துக் கொடுத்தேன், அளவு சரி. கைக்கு நீளம் கூட வைத்தேன், தழும்பு தெரியாமல்.

சிறுபோகம் விதைத்தாகிவிட்டது. காவலுக்கு ஒருவரும் இல்லை.

கயிற்றைப் பற்றி எழுதியிருந்தாய். பார்க்கிறேன்.

நோன்பு காலத்தில் வெயிலில் நிற்காதே.

வாப்பா

*

தம்மாம்
18.07.1982

வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

கதிர்காமத்தம்பி அண்ணனின் மருமகன் குணம் எங்கள் முகாமுக்கு வேலைக்கு வந்திருக்கிறான். ஊர்ப் புதினம் சொல்லிக்கொண்டிருந்தான். கச்சிமுகம்மது காக்காவின் வயலில் நின்ற நாயைச் சுட்டதாகவும், மாமா அதைத் தூக்கும்போது கழுத்து மயிருக்குள் விரல் போனதாகவும், உள்ளே நீலக் கயிறு இறைச்சிக்குள் இறங்கிக் கிடந்ததாகவும், சுற்றி வரப் புழு வைத்திருந்ததாகவும் சொன்னான்.

"ஆரோ ஒரு பாவி குட்டியில கட்டி விட்டிரிக்கான். அது வளர வளர இறுகியிரிக்கி. அந்த வேதனையிலதான் கண்டபடி கடிச்சிரிக்கி" என்றான். அவனுக்குத் தெரியாது.

நான்தான் வாப்பா அந்தப் பாவி. அவிழ்ந்துவிடக் கூடாது என்று இரண்டு முடிச்சுப் போட்டேன். ஐந்து மாதக் குட்டி வளரும் என்று என் புத்தியில் படவில்லை. உங்களைக் கடிக்க வைத்ததும் நான், அந்தப் பிள்ளைக்குப் பதினாலு ஊசி போட வைத்ததும் நான், அதைச் சுட வைத்ததும் நான்.

நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். எனக்கு எழுதவில்லை. ஏன் என்று விளங்குகிறது. இனிக் கொஞ்ச நாளைக்கு என்னிடம் இருந்து கடிதம் எதிர்பார்க்க வேண்டாம்.

பெருநாளைக்கு எல்லோருக்கும் என் ஸலாம்.

அபூசாலி

*

கல்முனை
28.08.1982

அன்பு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இது நான் எழுதுகிற மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் கிடைத்தனவா?

உம்மா சுகம் என்று எழுதச் சொன்னாள். தபால்காரன் மணியடித்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வேலிக்கு ஓடுகிறாள். அவன் இப்போது எங்கள் வாசலில் மணியடிப்பதை விட்டுவிட்டான்.

முன் கடிதங்களில் எழுதியதைத்தான் திரும்பவும் எழுதுகிறேன். உன்னில் பிழை இல்லை. இது விதி.

போன கிழமை பள்ளி லெப்பையிடம் ஒரு விசயம் கேட்டேன். நாய்க்குப் புண் என்றால் தொட்டு மருந்து கட்டலாமா என்று. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதென்ன கேள்வி கச்சிமுகம்மது? மருந்தக் கட்டிட்டுக் கையக் கழுவிக்கொள்ளுறதானே. ஊருல தண்ணிக்கா பஞ்சம்?"

ஓம், அதுவும் சரிதான் என்று வந்துவிட்டேன்.

ஒரு வரி எழுது மகன். சுகம் என்று மட்டும் எழுதினாலும் போதும்.

வாப்பா

*

கல்முனை
09.10.1982

அன்பு மகன் அபூசாலிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வஸ்ஸலாமையும் இப்போதே போட்டுவிடுகிறேன், கடைசியில் எழுத வருமோ தெரியாது. உம்மாவும் சுபைறாவும் சுகம். அவர்கள் இந்தக் கடிதத்தைப் பார்க்கவில்லை. கடையில் இருந்து எழுதுகிறேன்.

நேற்றுக் கதிர்காமத்தம்பி அண்ணன் வந்தார், குணத்தின் கடிதத்தைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினார். நீ அங்கே கம்பி கட்டுகிற வேலைதானே செய்கிறாய். முடிச்சுப் போடக் கை வரவில்லை என்று சொல்லிவிட்டு வேலைக்கே போகாமல் கிடக்கிறாயாம். சாப்பிடுவதும் இல்லையாம். இப்படியே இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். திருப்பி அனுப்பினால் வா. நான் அதற்காக எழுதவில்லை. நீ அங்கே கிடந்து சுமக்கிறது உன்னுடைய சுமை இல்லை. அதற்காக எழுதுகிறேன்.

விதி என்று மூன்று கடிதத்தில் எழுதினேன். நீ நம்பவில்லை. நம்பாதது சரி.

போன வருசம் மார்கழி மாதம், அது என்னைக் கடிப்பதற்கு மூன்று நாலு கிழமைக்கு முந்தி, ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போயிருந்தேன். ஜும்ஆவுக்குப் பிந்திவிடும் என்று வாய்க்காலிலேயே முகம் கை கால் கழுவி ஒளு எடுத்தேன். வெள்ளைச் சாரன், நானே தைத்த புதுச் சேட்டு. கை கால் எல்லாம் ஈரம். வரம்பில் ஏறினபோது கறுவல் வந்தது. வால் ஆட்டவில்லை, குரைக்கவில்லை. நேராக வந்து கழுத்தை நீட்டி என் முழங்காலுக்கு நேரே கொண்டுவந்தது. உரசவில்லை. இந்தா பார் என்கிற மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது.

கழுத்து மயிர் நனைந்து ஒட்டியிருந்தது. ஈக்கள் இருந்தன. நான் குனிந்து பார்த்தேன்.

தொட்டால் ஒளுவும் போச்சு, சாரனும் போச்சு, பஸ்ஸும் போச்சு என்று நினைத்தேன். குடைக் காம்பை அதன் கழுத்தில் வைத்துத் தள்ளினேன். கத்தியது. பெரிய சத்தமில்லை. "பொறகு பாப்பம் கறுவல்" என்றேன். காம்பில் ஏதோ ஒட்டியிருந்தது. வாய்க்காலில் அலசிவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறினேன். குத்பாப் பிரசங்கத்துக்கு முந்தியே போய்ச் சேர்ந்தேன். முதல் வரிசையில் இடம் கிடைத்தது.

அடுத்த நாள் கடையில் வேலை. அதற்கடுத்த நாள் மழை. அதற்குப் பிறகு கறுவல் என் பக்கத்தில் வரவில்லை. நானும் மறந்துவிட்டேன் என்று எழுதலாம். மறக்கவில்லை. நினைவு வந்த நேரமெல்லாம் வேறு வேலை வந்தது.

நீ அதை ஆரும் சுடக்கூடாது என்று கட்டினாய். வளர வளரத் தளர்த்திவிட வேண்டியவன் ஊரில் இருந்தவன். அளவு பார்ப்பதுதான் என் தொழில். வளருகிற பிள்ளைக்கு மடிப்பில் இரண்டு விரல் விட்டுத் தைக்கிறவன் நான். ஆகவே முடிச்சை நினைத்து நீ கையைப் பார்த்துக்கொண்டு இருக்காதே. எழும்பிச் சாப்பிடு.

இதை நான் உம்மாவிடமும் சொல்லவில்லை, லெப்பையிடமும் சொல்லவில்லை. பல தரம் வாயைத் திறந்தேன், பகிடிதான் வந்தது. குழியடியில் வைத்துக் கதிர்காமத்தம்பி அண்ணன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று எழுதினேன் அல்லவா. அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்து ஒன்று கேட்டார். அதை நான் எழுதவில்லை.

"ஏன் தம்பி, இவ்வளவு நாளும் உங்களுக்கு மணக்கல்லையா?"

"இல்லண்ணே, எனக்குத் தடிமன், மூக்கடைப்பு" என்றேன்.

மணத்தது, மகன்.